கேட்டுக்கொண்டிருந்த மூக்குத்தி

நான் அறிவியல் கதை எழுதுகிறவள். சந்தேகம் இல்லாமல் அது வராது; சந்தேகத்துக்கு எனக்குப் பஞ்சமே கிடையாது. கணவர் வடக்கே பட்டாளத்தில். மேலகரத்து வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும். ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் அழைத்துக்கொள்வதாகக் கல்யாணத்தன்றே சொன்னவர், "இன்னும் கிடைக்கல" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

சாயந்தரமானால் அத்தை போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்துத் துவைக்கிற கல்லுக்குப் போய்விடுவார். மகனோடு ஒரே குசுகுசு. நான் தலையைக் காட்டினால் போதும், "ஆமாலே, இங்கன நல்ல சாரல்" என்று பேச்சு மழைக்குத் தாவிவிடும். என்னைப் பற்றித்தான், வேறென்ன? எனக்கு வயிறு எரியும்.

அந்த எரிச்சலில் ஒரு கதை எழுதினேன். நினைவைச் சேமித்து வைக்கக் கதைக்காரர்கள் பளிங்கு உருண்டை, ஒளிரும் கட்டி, மண்டைக்குள் செருகும் சில்லு என்று என்னென்னவோ கற்பனை செய்தாயிற்று. நம் கதைகளில் ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளிக்குள் அரக்கனின் உயிரையே சேமித்து வைத்தார்கள். நான் மூக்குத்தியை எடுத்துக்கொண்டேன். போட்டிருப்பவர் பேசுவதையெல்லாம் அதன் கல் உள்ளே வாங்கிக்கொள்ளும். வெயிலில் காட்டினால் அப்படியே ஒப்பிக்கும். கதை ஒரு மாத இதழில் வந்தது.

வினை அங்கேதான். பொங்கலுக்கு நான் அத்தைக்கு ஒரு சிவப்புக்கல் மூக்குத்தி வாங்கிக் கொடுத்திருந்தேன். கதையிலும் சிவப்புக்கல். வீட்டுக்கு வரும் இதழை எனக்கு முன்னால் படித்துவிடுகிறவர் அவர்.

"ஏட்டி, இதை எந்தக் கடையில வாங்குன?"

"தென்காசியிலதான் அத்தை. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

அது வெறும் கதை என்று நான் சொல்லவில்லை. மறைக்க ஒன்றும் இல்லாதவர் எதற்குப் பயப்பட வேண்டும்? அன்றிலிருந்து அத்தை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு போன் பேசினார். கழற்றி வைத்தால் ஏன் என்று மருமகள் கேட்பாளே!

சீசன் தொடங்கியதும் குற்றாலம் போனோம். குளிக்கப் போகிறவர்கள் நகையைக் கழற்றி, துணிமணிக்குக் காவல் இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போவதுதான் வழக்கம். அருவி அடிக்கிற அடி அப்படி. அன்று குரங்குகளிடமிருந்து பையைக் காக்கும் வேலை எனக்கு. அத்தை சங்கிலியைத் தந்தார். கம்மலைத் தந்தார். வளையலைக்கூடத் தந்தார். மூக்குத்தியைத் தரவில்லை.

"அத்தை, மூக்குத்தி?"

"அது கிடக்கட்டும்."

போகிற போக்கில் அவர் விரல் திருகாணியை நெருடியதைப் பார்த்தேன். இறுக்கினாரா, தளர்த்தினாரா?

திரும்பி வந்தபோது மூக்கு மொட்டையாக இருந்தது. "தண்ணி கொண்டு போயிட்டுட்டி" என்றார். முகத்தில் வருத்தம் ஒரு சொட்டு இல்லை. பஸ்ஸில் அந்த மொட்டை மூக்கையே பார்த்துக்கொண்டு வந்தேன். தங்கத்தை அருவியில் விடுகிற அளவுக்கு அப்படி என்ன ரகசியம்?

அன்று சாயந்தரம், துளை தூர்ந்துவிடாமல் மூக்கில் வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டு, துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முழுக் குரலில் பேசினார். நான் அடுப்படி ஜன்னலோரம் நின்றேன்.

"குவார்ட்டர்ஸ் கிடைச்சத அவகிட்ட சொல்லிராதலே. தீபாவளி வரைக்குமாவது இங்கன இருக்கட்டும். அவளும் போயிட்டா எனக்குச் சண்டை போடக்கூட ஆளு கிடையாது. வெறுஞ்சுவத்தப் பாத்துக்கிட்டு எப்படிலே இருப்பேன்?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தாயும் மகனும் சேர்ந்து என்னை நன்றாக ஏமாற்றியிருக்கிறார்கள். ஆனால் அந்த வெறுஞ்சுவரை நினைத்ததும் கோபம் தங்கவில்லை. அவர் உள்ளே வந்ததும் சொன்னேன்:

"புது மூக்குத்தி வாங்கித் தாரேன் அத்தை. குவார்ட்டர்ஸுக்குப் போன பெறவு, அங்கன உள்ள கடையில ரெண்டு பேரும் சேர்ந்து பாப்போம். நீங்களும்தான் வாரீக."

அத்தையின் கை படக்கென்று வேப்பங்குச்சிக்குப் போனது.

"அட சண்டாள மூக்குத்தி! தண்ணியில போன பெறவும் சொல்லிட்டுதா?"