பினாங்கில் ஒரு கதவு

"டொக்" என்று நாக்கை மடித்து ஒரு சத்தம் எழுப்பிவிட்டு, "மூடிருச்சுங்க" என்கிறாள் பழனியாத்தாள். சரவணம்பட்டியில் இருக்கும் எங்கள் மாடி அலுவலகத்தில் எந்தக் கதவும் மூடவில்லை. அவள் முன்னால் இருக்கும் இரண்டு கம்ப்யூட்டர்களில் ஒன்றில், உலைக் கதவு மூடியது என்று ஓர் ஆங்கில வரி வந்திருக்கிறது, அவ்வளவுதான். நேற்று இதே வரிக்கு அவள் கொடுத்த சத்தம் வேறு. "நேத்து போட்டது குக்கர் மூடியாட்டம் இருந்துச்சுங்க. இத்தாப்பெரிய மெசினு, அப்பிடியா மூடும்?"

அந்த உலை மலேசியாவில், பினாங்கில் இருக்கிறது. கம்ப்யூட்டருக்கான சில்லுகள் செய்யும் தொழிற்சாலை அது. மெல்லிய சிலிக்கான் வில்லைகளை அடுக்கடுக்காக உள்ளே அனுப்பிக் கடும் சூட்டில் வைத்தெடுப்பார்கள். தன் சூடு எவ்வளவு, எந்த வாயு எவ்வளவு உள்ளே வருகிறது, கதவு எப்போது திறந்தது, எப்போது மூடியது என்று உலை ஒரு கேபிள் வழியே சொல்லிக்கொண்டே இருக்கும். அத்தனையையும் கேட்டுச் சேர்த்து வைக்கும் மென்பொருளை எழுதியவள் பழனியாத்தாள். பிறகு ஒரு வில்லை கெட்டுப்போனால், உலைக்கு எந்த நிமிடம் என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். உலை இங்கே இல்லாததால் இரண்டாவது கம்ப்யூட்டரை உலையாக நடிக்க வைத்திருக்கிறாள். நான் அவள் பக்கத்து மேசையில் அதற்கான கையேட்டை எழுதுகிறேன்.

பொய் உலைக்கு அவள் கொடுக்காத சீக்கு இல்லை. பாதி வழியில் வாயுவை நிறுத்துவாள். கதவைத் திறந்தபடியே விடுவாள். ஒன்றும் சொல்லாமல் கேபிளைப் பிடுங்குவாள். "மெசினு எந்நேரமும் நல்லாருக்கும்னு நம்பி எழுதுனா அது புரோகிராம் இல்லீங்க, வேண்டுதல்" என்பாள்.

உண்மையான உலையை அவள் பார்த்தது ஃபாக்ஸில் வந்த ஒரு படத்தில்தான். கறுப்பாக ஒரு பீரோ நிற்பதுபோல் இருக்கும். அதோடு, உலை இருக்கும் அறைக்குள் வருவோருக்கான விதிகளும் வந்தன. முகப்பவுடர் கூடாது, ஒரு துகள் விழுந்தாலும் வில்லை பாழ். அன்றோடு பழனியாத்தாள் பவுடர் பூசுவதை விட்டாள். விடுதித் தோழிகள், "ஏண்டி, காய்ச்சல்ல எந்திரிச்சவளாட்டம் வாரே?" என்று சீண்டினால், "பழகிக்கறேன்" என்பாள்.

பினாங்குக்கு அவள்தான் போவாள் என்று எல்லோரும் நினைத்திருந்தோம். ஒரு நாள் முதலாளி திருமலைசாமி அவளைக் கூப்பிட்டு, "மூணு வாரம் அம்மணி, கண்காணாத ஊரு. ஊட்டுல ஒத்துக்க மாட்டாங்க. உனக்கெதுக்குச் சங்கடம்? மனோஜ்குமார அனுப்பிச்சுப்போடறேன்" என்றார். அவள் "சரிங்க சார்" என்று வந்து உட்கார்ந்தாள். ஆனால் கொடுமுடியில் அவள் அப்பா அதற்கு முன்பே, "போயிட்டு வா கண்ணு, அங்கயும் முருகங்கோயில் இருக்குதாமா" என்று சொல்லியிருந்தார். தம்பி சூட்கேஸ் வாங்கி வைத்திருந்தான். இதை முதலாளியிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"என்ற மேல அக்கறையாப் பேசறாருங்க. நடுவுல எப்பிடிங்க குறுக்க பேசறது?"

எங்களில் இளையவனான மனோஜ்குமார் போனான். அவள் பவுடர் பூசாமலே வந்துகொண்டிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை, மென்பொருளைத் தொழிற்சாலையிடம் ஒப்படைக்கும் நாள். அத்தோடு எங்களுக்கும் அந்த உலைக்கும் தொடர்பு முடிகிறது. திங்கள் முதல் ஓர் ஆஸ்பத்திரிக்கு பில் போடும் மென்பொருள் வேலை என்று திருமலைசாமி சொல்லிவிட்டார். பதினொரு மணிவாக்கில் போன் அடித்தது. மனோஜ் கத்திப் பேசுகிறவன். ரிசீவரைத் தாண்டி அறைக்கே கேட்டது.

"அக்கா, எல்லாம் ஓக்கே! கடைசியா ஒரு தடவ ஓட்டிக் காட்டோணும், அப்புறம் கையெழுத்து."

"ஏப்பா மனோஜு, கதவு மூடறப்ப என்ன சத்தம் வருது?"

"கதவா? நான் எங்கக்கா அதக் கவனிச்சேன்? நம்ம ஸ்கிரீனத்தான் பாத்துட்டிருந்தேன்."

"இப்ப மூடறப்ப போன அதுகிட்டப் புடி."

"ஐயோ அக்கா, நாலு பேரு நிக்கறாங்க. கதவுக்குப் போனக் குடுத்தா என்னையக் கிறுக்கன்னுவாங்க."

"சொல்லிட்டுப் போறாங்க. புடிப்பா."

அவள் யாரிடமும் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. ரிசீவரை என் கையில் திணித்துவிட்டு மாடிப்படியில் ஓடினாள். எங்களுக்குக் கீழே நஞ்சுண்டனின் லேத் பட்டறை. பம்ப்செட் ஷாஃப்ட் ஒன்றை இரைச்சலோடு கடைந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, ரெண்டு நிமிசம் லேத்த நிறுத்திப்போடுங்க!"

"ஏன் அம்மணி, உங்க அடுப்புல பாலு பொங்கிருச்சா?"

"பினாங்குல கதவு மூடப் போறாங்கங்ணா. சத்தங் கேக்கோணும்."

"அவிய அங்க மூடறதுக்கு நான் இங்க நிறுத்தோணுமா? நல்லா இருக்குது நாயம்!" லேத் நின்றது. "கேட்டுட்டு எனக்குஞ் சொல்லு கண்ணு."

மேலே வந்ததும் மின்விசிறியை அணைத்தாள். எங்கள் அலுவலகக் கதவு ஸ்பிரிங் வைத்தது, யார் போனாலும் அறைந்துகொள்ளும். அதைக் குதிகாலால் உதைத்து அதிகம் அறைய விடுகிறவளும் அவள்தான். அன்றும் அது அவள் பின்னால் அறைந்து அடங்கியது. ரிசீவரை ஒரு காதில் வைத்து மறு காதை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். நாங்கள் யாரும் அசையவில்லை. வெளியே சத்தி ரோட்டில் ஒரு பஸ் போனது. அவள் கண்ணை மூடியிருந்தாள். நாக்கு மட்டும் பல்லுக்குப் பின்னால் தயாராக மடிந்திருந்தது.

"மூடப் போறாங்களா மனோஜு?"

"மூடியாச்சேக்கா, போனக் கதவுகிட்டத்தான் புடிச்சிருந்தேன். நம்ம ஸ்கிரீன்ல வரி வந்துருச்சு. நீங்க எழுதுனதுதான், டாண்ணு வந்துருச்சு!"

அவள் கண்ணைத் திறந்தாள். பிறகு, "சரிப்பா, பத்திரமா வா" என்று வைத்தாள்.

கீழேயிருந்து நஞ்சுண்டன் குரல் கொடுத்தார். "என்ன சத்தம் கண்ணு?"

ஜன்னலுக்குப் போய்ச் சொன்னாள். "சத்தமே இல்லீங்ணா."

லேத் மறுபடி ஓடத் தொடங்கியது. திருமலைசாமி எல்லோருக்கும் லட்டு வாங்கிவரச் சொன்னார். அவள் ஒன்றைத் தின்றாள், பொய் உலையை நிறுத்தினாள், கேபிளைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள். ஐந்தரைக்குப் பையை மாட்டிக்கொண்டு வெளியே போனவள், வாசலில் திரும்பி நின்றாள். அறையப் பார்த்த கதவை இரண்டு கையாலும் பிடித்து, ஸ்பிரிங்கின் இழுப்புக்கு விட்டுக்கொடுக்காமல், கொஞ்சம் கொஞ்சமாக, சத்தமே வராமல் சாத்தினாள்.