திரும்பி வரும் மீதிகள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த சமயம். சிதம்பரத்தில் கணித ஆனர்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். அந்த மழைக்காலம் முழுக்க ஒரு கேள்வி என்னைப் பிடித்து ஆட்டியது.

பூஜ்யம் முதல் நான்கு வரையுள்ள எண்களைக் கனமெடுத்து, அதாவது ஒரே எண்ணை மூன்று தடவை வைத்துப் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் மீதி 0, 1, 3, 2, 4. இடம்தான் மாறுகிறது, எதுவும் விடுபடவில்லை, எதுவும் இரண்டு முறை வரவில்லை. பூஜ்யம் முதல் ஆறு வரை எடுத்து ஏழால் வகுத்தால் எல்லாம் குழம்பிவிடுகிறது; ஒன்றுக்கும் இரண்டுக்கும் நான்குக்கும் ஒரே மீதி. பதினொன்றும் பதினேழும் ஐந்தைப் போலவே நடந்தன. மூன்றால் வகுத்தால் இரண்டு மீதி வரும் பகா எண்களெல்லாம் இப்படித்தான் என்று தோன்றியது. ஏன் என்றுதான் தெரியவில்லை. சோறு இறங்கவில்லை.

அக்காவுக்கு வலி கண்டுவிட்டதென்று கடலூரிலிருந்து ஆள் வந்தது. ரயிலைப் பிடித்துப் போனேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா புருஷன் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"காலையில உள்ள போனா மச்சான். நர்ஸம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க. எதனா பேசு, சும்மா இருந்தா பைத்தியம் புடிச்சிடும்."

எனக்கு வேறு பேச்சு ஏது? ஐந்தின் கதையைச் சொன்னேன். கதவைப் பார்த்தபடியே கேட்டார்.

"ரெண்டு மூணாயிடுச்சி, சரி. அந்த மூணு மறுபடி ரெண்டா ஆவுமா?"

"மூணக் கனமெடுத்தா இருபத்தேழு மாமா. மீதி... ரெண்டு!"

துள்ளி எழுந்துவிட்டேன். திருப்ப முடிந்தால் போதுமே! இரண்டு எண்கள் ஒரே மீதியில் போய் விழுந்திருந்தால் எதற்கென்று திரும்புவது? ஐந்துக்குக் கனமே திருப்பிவிட்டது; பதினொன்றுக்கு எந்த அடுக்கு, அதாவது எத்தனை தடவை வைத்துப் பெருக்கினால், திருப்பும்? மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்தேன். ஏழாம் அடுக்கு. அதிலிருந்து பொது விதியும் பிடிபட்டது. இப்போது வராந்தாவில் இரண்டு பேர் நடந்தோம்.

கதவு திறந்தது. "பொண்ணு பொறந்திருக்கு. அம்மாவும் நல்லா இருக்காங்க."

மாமா அழுதார். நானும் அழுதேன், எதற்கென்று பிரித்துச் சொல்ல முடியாது.

சிதம்பரம் திரும்பி ஆசிரியரிடம் காட்டினேன். "வழி சரிதாம்ப்பா. ஆனா இது ரொம்ப நாளா தெரிஞ்ச விஷயம்."

முகம் சுண்டிப்போயிற்று. வெளியே வருவதற்குள் அடுத்தது பிடித்துக்கொண்டது: கனத்தோடு அந்த எண்ணையும் கூட்டினால்? ஐந்தால் வகுத்தபோது பூஜ்யமும் இரண்டும் ஒரே மீதியில் விழுந்தன. அறைக்குப் போகப் பொறுக்காமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்து ஏழால் வகுக்கத் தொடங்கினேன்.