மண் ராஜாவின் குளம்

எங்கள் ஊர்க் குளத்தை மூடி லாரி நிறுத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அதிகம் பயந்தவர் அண்ணிதான். அண்ணன் இறந்த பிறகு மாடும் பாலும்தான் அவருக்குச் சோறு போட்டன. கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் பெருகப் பெருக எங்கள் போர் தண்ணீர் துரு நிறத்தில் வந்தது. மாடு முகர்ந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். குளத்துத் தண்ணீரைத்தான் குடிக்கும்.

ஷிப்ட் முடித்து, தூங்காத கண்ணோடு, பஸ் மாறி பஸ் மாறி அண்ணியைத் திருவள்ளூர் கலெக்டர் ஆபீசுக்கு அழைத்துப்போவேன். மனு, மனு, மனு. "மாடு தண்ணி குடிக்கிற குளம் சார்" என்பார் அண்ணி. "பாக்கலாம்மா" என்பார்கள். என்னத்தைப் பார்த்தார்களோ! செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

கடைசியில் ஓர் ஆபீசர் அம்மா குளத்தைப் பார்க்க வந்தார். அன்று ஊரில் படுகளம். கூத்தின் கடைசி நாளில், குளத்து மண்ணைக் குழைத்து, மல்லாந்து படுத்த கெட்ட ராஜா ஒருவரைத் தரையில் செய்வோம். ஒரு வீட்டை விடப் பெரிதாக இருப்பார். வேஷக்காரர் வந்து தொடையில் ஓங்கி அடித்ததும் ராஜா செத்தார் என்று ஊரே கத்தும். பிறகு ஆளுக்கொரு பிடி மண் அள்ளி வயலில் போடுவோம்.

ஆபீசர் அம்மா அசந்து நின்றுவிட்டார். செல்போன் வந்த புதிது, அதில் படம் எடுக்க முடியாது. ஜீப்பிலிருந்து கேமராவைக் கொண்டுவரச் சொன்னார்.

"இந்த மண்ண இந்தக் குளத்துலேர்ந்தா எடுக்குறீங்க? இத ஏன் மனுவுல எழுதல?" என்று என்னைக் கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டுக்குத் தாகம் என்று எழுதினோமே, அது போதாதா? வாயைத் திறப்பதற்குள் அண்ணி என் கையை அழுத்திப் பிடித்தார்.

"கம்முனு இரு தம்பி. ராஜா பேரச் சொல்லியாச்சும் கொளம் நிக்கட்டும்."

குளம் நின்றது. உத்தரவு வந்தது. ஊரின் கலையையும் பண்பாட்டையும் நீரையும் வருங்காலத்துக்காகச் சேர்த்துக் காக்க வேண்டிய இடமாம். பட்டாசு வெடித்தோம். அண்ணி தெருவுக்கே பாயசம் வைத்துக் கொடுத்தார்.

அப்புறம் காக்கிற வேலை ஆரம்பித்தது. சுற்றிலும் கம்பி வேலி, ஒரு கேட், ஒரு பூட்டு. மாடு மிதித்தால் மண் கெட்டுவிடுமாம். படுகளத்துக்கு மண் எடுக்கும்போது மட்டும் கேட்டைத் திறப்பார்களாம். சே! மறுபடியும் மனு, மறுபடியும் பஸ். "அதான் குளத்த உங்களுக்கே உட்டாச்சே, இன்னும் இன்னாம்மா?" என்றார்கள். வாதாட எனக்குத் தெம்பில்லை. திரும்பும் வழியெல்லாம் பஸ்ஸில் தூங்கிக்கொண்டே வந்தேன்.

அண்ணி மாடுகளைப் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றார்.

"இதுங்களுக்கும் கிரீடம் வச்சி, வேஷம் கட்டி இட்டுக்கினு வரணும் தம்பி. அப்பதான் தொறப்பானுங்க."

அந்தக் கோடையில் எல்லா மாட்டையும் விற்றுவிட்டார். குளத்தில் அப்போதும் தண்ணீர் இருந்தது.