குண்டம்மாவின் வயிறு

அக்கா வீட்டில் நாலு நாள் தங்கலாமென்று வந்தவள். ஏழு வருஷம் ஆகிவிட்டது. அக்கா புருஷன், அதாவது அவளுடைய அத்தான், லாப்ரடார் நாய் வளர்த்து விற்பவர். கூண்டு கழுவுவது, தீனி வைப்பது, வருகிறவர்களிடம் சிரிப்பது எல்லாம் அவள் தலையில். அவள் அறைக்கு இருக்கிற ஒரே சன்னலும் கூண்டுப் பக்கம்தான்.

லாப்ரடாரில் இரண்டு வகை உண்டு. கண்காட்சி வகைக்குக் குட்டைக்கால், அகன்ற தலை, உருண்டை உடம்பு. பார்த்தவுடன் மனசு மயங்கும். வேட்டை வகை ஒல்லி, நெட்டைக்கால். ஓடவிடாவிட்டால் சோபாவைக் குதறிவிடும். இப்போது விற்பனைக்கு இருக்கிற குட்டிகளின் தாய் கருப்பி இந்த இரண்டாம் வகை. அதற்கு இடுப்பு மூட்டு வேறு கெட்டிருந்தது. எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "இனிமே இதைக் குட்டி போட விடாதீங்க, குட்டிங்களுக்கும் வரும்" என்று சொன்னபோது அவளும் பக்கத்தில் நின்றாள். அத்தான் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டார். அதற்குப் பிறகு இது இரண்டாவது ஈற்று. ஆள் வரும்போதெல்லாம் கருப்பி அவள் அறைக்குள் அடைபடும். தாய் என்று குட்டிகளோடு நிற்பது குண்டம்மா; கண்காட்சி வகை, ஒரு குட்டிகூடப் போடாதது.

ஒரு ஆளாவது முகத்துக்கு நேரே வேண்டாமென்று சொன்னால் அத்தான் அடங்குவார் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

அன்று வந்த டீச்சர் விவரமானவர். குட்டிகளைக் கொஞ்சவே இல்லை. "தாயைப் பார்க்கணும். இடுப்பு எக்ஸ்ரே இருக்கா?"

"எல்லாம் பக்கா டீச்சர். இதுதான் தாய்" என்றார் அத்தான்.

டீச்சர் குனிந்து குண்டம்மாவின் வயிற்றைத் தடவினார். ஐந்து வாரக் குட்டிகள் எட்டு குடிக்கிற வயிறு அப்படியா வழவழவென்று இருக்கும்? ஊரையே ஏய்க்கிற அத்தானுக்கு இது மட்டும் தோன்றவில்லை.

டீச்சர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இதுவா தாய்?"

அத்தான் அவளையே பார்த்தார். இந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

"இல்லைங்க" என்று சொல்லிவிட்டு அறைக் கதவைத் திறந்தாள். கருப்பி பின்னங்காலை இழுத்துக்கொண்டு வந்தது. எட்டுக் குட்டிகளும் விழுந்தடித்துக்கொண்டு ஓடின.

"மன்னிச்சுக்குங்க, எனக்கு இங்க வேண்டாம்" என்று அத்தானிடம் முகத்துக்கு நேரே சொன்னார் டீச்சர். வாசலில் அவள் கையைப் பிடித்து, "நல்லவேளை, காப்பாத்தினீங்க" என்றார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார்.

மூட்டை கட்டச் சொல்வார் என்று அவள் காத்து நின்றாள். அத்தான் கோபப்படக்கூட இல்லை.

"நீ எங்க போயிடப் போறே?" என்றார். "நாலு மணிக்கு அடுத்த பார்ட்டி வராங்க. கருப்பியை உள்ள போடு. குண்டம்மா வயித்துல மட்டும் யாரும் கை வைக்காம பார்த்துக்கோ."

அவள் கருப்பியை உள்ளே விட்டாள். தாழ்ப்பாளையும் அவளே போட்டாள்.