குப்பைக்குச் சொந்தக்காரர்

என் மாமு அக்பர் பாஷா, தி.நகர் உஸ்மான் சாலைக்குப் பின்னால் பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். எதிர்க் கட்டடத்தில் சூடாமணி அக்கா தலையணை செய்கிறார். மாமு வெட்டிப் போடும் துண்டுத்துணிதான் அந்தத் தலையணைகளுக்குள் போகும். மின்சாரம் நின்றால் அக்காவின் ஜெனரேட்டரிலிருந்து மாமுவின் மெஷின்களுக்கு ஒரு ஒயர் வரும். வருடக்கணக்காக இப்படித்தான்.

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பிய சமயம், யூடியூப் சேனல் ஒன்று சூடாமணியைப் படம் எடுத்துப் போட்டது. 'குப்பையே இல்லாத தொழில்' என்று தலைப்பு. "துணியெல்லாம் இந்தத் தெருவுலயே கிடைக்குது" என்று சிரித்தார் அக்கா. மாமுவின் பெயர் வரவில்லை. டீ ஆறிப்போவதுகூடத் தெரியாமல் மாமு அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"பாரு புஷ்ரா, புதுப் புடவை வேற கட்டிகினு கீது. தெருவுல கிடைக்குதாம்! தெரு இன்னா மரமா, உலுக்குனா துணி கொட்ட?"

லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். போன ஊரிலெல்லாம் நான் எடுத்துப் போட்ட வீடியோக்களை அதில் பாதிப் பேர்கூடப் பார்த்ததில்லை. எனக்கும் வயிறு எரிந்தது.

மறுநாளிலிருந்து துண்டுத்துணி மூட்டை எதிரே போகவில்லை. "என் குப்பை, என் இஷ்டம்" என்றார் மாமு. மே மாதம், சீருடை சீசன். மூட்டைகள் மாடிப்படியை அடைத்தன. பிறகு வெட்டும் மேஜையைச் சூழ்ந்தன. கரண்ட் போனபோது எதிரிலிருந்து ஒயரில் கரண்ட் வந்துகொண்டுதான் இருந்தது. மாமுவுக்கு அது இன்னும் எரிச்சல். "பெரிய மனுஷின்னு காட்டிக்குது."

கோபாலபுரத்துப் பள்ளிக்குத் திங்கட்கிழமை சட்டைகள் போயாக வேண்டும். தவறினால் அடுத்த வருட ஆர்டர் வேறு கைக்குப் போய்விடும். சனிக்கிழமை காலை, சட்டைகளுக்கு வெட்டி வைத்த காலர்க் கட்டு ஒன்றைக் காணவில்லை. பெருக்கும்போது யாரோ மூட்டைக்குள் அள்ளிப் போட்டிருக்கிறார்கள். முன்பும் இப்படி நடந்ததுண்டு. துணி பிரிக்கும் சூடாமணியின் ஆட்கள் அன்றைக்கே எடுத்துக்கொண்டு வந்து கொடுத்துவிடுவார்கள். இப்போது கூரை வரை மூட்டைகள். நானும் மாமுவும் இரண்டைப் பிரித்ததற்கே முதுகு ஒடிந்துபோனது.

மாமு சட்டையைச் சரிசெய்துகொண்டு எதிரே போனார்.

"இன்னா பாய், குப்பைய பூட்டி வெச்சு வட்டி வாங்கப் போறியா?" என்றபடியே சூடாமணி ஆட்களோடு வந்தார். மதியத்துக்குள் காலர்கள் கிடைத்தன.

"வீடியோல என் பேர ஏன் சொல்லல?" மாமு கேட்டேவிட்டார்.

"சொன்னேன் பாய். எடிட்டிங்ல அவனுங்க தூக்கிட்டானுங்க."

மாமு நம்பவில்லை. ஆனாலும் மாலையிலேயே மூட்டைகளை அனுப்பினார். அதற்கு முன் மார்க்கர் வாங்கிவரச் சொல்லி, ஒவ்வொரு மூட்டையிலும் நாலு பக்கமும் 'அக்பர் பாஷா டெய்லர்ஸ்' என்று என்னை எழுதவைத்தார். கேமரா எந்தப் பக்கம் நிற்குமோ, யாருக்குத் தெரியும்?