அக்காவின் படத்தைக் காட்டி ஆள் பிடிப்பவர்களுக்கு

அன்பான உறவினர்களே, நண்பர்களே, அக்காவிடம் படித்த பிள்ளைகளே,

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. பூசை முடிந்து பந்திக்குப் போகுமுன் இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வந்திருக்கும். வழக்கமாக இப்படிப்பட்ட மலரின் பின்னட்டையில் யாராவது ஒரு பெரிய மனிதரின் அனுதாபச் செய்தி பளபளவென்று அச்சாகியிருக்கும். இதில் வெறும் வெள்ளை. அச்சகத்தார் மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அந்தப் பக்கத்தை ஒரு தனியார் கல்லூரி கேட்டது, நான் முடியாது என்றேன். திதி நாளில் இதெல்லாம் எதற்கு என்று சிலர் முகம் சுளிப்பீர்கள். சுளித்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் அக்காவின் வாழ்க்கையைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஜொகூரில் சிகாமட் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், பால்மரம் சீவிய அப்பா அம்மாவுக்கு மூத்த மகளாக அக்கா பிறந்தார். ஆற்று வெள்ளம் எங்கள் லயத்து வீட்டுக்குள் வரும் ஆண்டுகளில் அக்கா முதலில் தம் பள்ளிப் பையை மேட்டுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, அப்புறம்தான் என்னைத் தூக்க வருவார். "நீ நனைஞ்சா தொடச்சிக்கலாம். புக்கு நனைஞ்சா என்னா செய்யறது?" என்று கேட்பார். இந்த மனக்குறை எனக்கு இன்னும் தீரவில்லை.

பிறகு அப்பாவுக்கு ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் பலகைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்துக் குடும்பமாக வந்து சேர்ந்தோம். பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்தில் அக்கா நல்ல தேர்ச்சி பெற்றும் அரசுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. சில நாள் பாயிலேயே கிடந்தார். அப்புறம் எழுந்து, பகலில் தொழிற்சாலைக்கும் மாலையில் ஒரு தனியார் கல்லூரிக்கும் போய்க் கணக்கியல் படித்து முடித்தார். ஆகவே தனியார் கல்லூரி என்றாலே எங்கள் குடும்பத்துக்கு ஆகாது என்று யாரும் பேச வேண்டாம். அக்காவைக் கரையேற்றியது அப்படி ஒரு கல்லூரிதான். கதவு மூடிய பிள்ளைகளுக்கு இன்னொரு கதவு வேண்டும் என்று அவர் கடைசிவரை சொன்னார்.

அந்த நம்பிக்கையோடுதான் அக்கா இன்னொரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். அதன் பெயரை இங்கே எழுத மாட்டேன். இலவச விளம்பரம் செய்ய எனக்கு விருப்பமில்லை. அப்போது அது டயர் கடைக்கு மேலே மூன்று அறைகளும் ஒரு சின்ன நூலகமும் கொண்ட இடம். கீழே டயர் கழற்றும் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்திப் பாடம் நடத்தி நடத்தியே அக்காவுக்கு அந்தக் கணீர்க் குரல் வந்தது என்று அக்காவின் கணவர், எங்கள் அத்தான், கேலி செய்வார். வகுப்புக்குத் தாமதமாக வந்தவன் எவனும் அவரிடம் தப்பியதில்லை. அதே ஆள், சாப்பிடாமல் வந்த பிள்ளையைக் கண்டால் தம் சாப்பாட்டை முகத்தைச் சுளித்துக்கொண்டே தள்ளிவிடுவார்.

நம் ஆட்கள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்ததும் கோயிலில் ஓர் அர்ச்சனை, அங்கிருந்து நேராக அக்கா வீடு. தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், அதன்மேல் பிள்ளையின் தேர்ச்சித் தாள். "டீச்சர், இனிமே உங்க பிள்ள" என்று தட்டை நீட்டுவார்கள். அக்கா வாங்கிக்கொண்டால் முடிந்தது. அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். தட்டைக் கொடுத்த பிறகு கேள்வி கேட்டால் அது அவமரியாதையாம்! ஒரு கோழி வாங்கக்கூட இறக்கையைத் தூக்கிப் பார்க்கிற சனம், பிள்ளையின் படிப்பை மட்டும் இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தது.

இதைக் கல்லூரி இயக்குநர் கவனித்தார். வியாபாரி அல்லவா, கண் அங்கேதான் போகும். அக்காவை வகுப்பறையிலிருந்து எடுத்து மாணவர் சேர்க்கைப் பிரிவில் உட்கார வைத்தார். கோயில் திருவிழாவில் அக்காவுக்கு ஒரு மேசை போட்டார்கள். கல்யாண விருந்துகளுக்கு அனுப்பினார்கள். கையேட்டின் முதல் பக்கத்தில் அக்காவின் சிரித்த படம். கல்லூரி வாசலில் பித்தளைத் தட்டுகளை வாங்கி அடுக்கி, பெற்றோர் அக்காவிடம் நீட்டுவதற்கென்று வெற்றிலை பாக்கையும் அவர்களே வைத்துக் கொடுத்தார்கள். கூட்டம் பெருகியது, பக்கத்துக் கடைவீடுகளும் சேர்ந்தன, பெயரோடு 'அனைத்துலக' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டது. நூலகம் மட்டும் வளரவில்லை. அந்த அறையைத்தான் சேர்க்கை அலுவலகமாக மாற்றி, சோபாவும் குளிர்சாதனமும் போட்டார்கள். அடேயப்பா, என்ன வளர்ச்சி!

பிறகு பாலர் கல்வி டிப்ளோமா ஒன்றைத் தொடங்கினார்கள்.

"அங்கீகாரம் வந்துடுச்சா?" என்று அக்கா இயக்குநரிடம் கேட்டார்.

"அதெல்லாம் ஓகே மேடம். பேப்பர் மட்டும்தான் வரணும்."

அக்கா நம்பினார். அவர் வாங்கிய தட்டுகளை நம்பிப் பிள்ளைகள் சேர்ந்தார்கள். அந்தப் பேப்பர் கடைசிவரை வரவில்லை. படிப்பை முடித்த ஒரு பெண் பாலர்பள்ளி வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனபோது, இந்த டிப்ளோமா செல்லாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்போதுதான் எல்லாருக்கும் விஷயம் தெரிந்தது. கல்லூரி என்ன சொன்னது தெரியுமா? பாடத்திட்டத்தைச் சீரமைத்துவிட்டோம், பழைய மாணவர்கள் மறுபடியும் முதலிலிருந்து சேரலாம், கட்டணத்தில் கழிவு தருகிறோம் என்றது. எரிகிற வீட்டில் பிடுங்கியது ஆதாயம் என்பதை நான் அன்று கண்ணால் பார்த்தேன்.

பெற்றோர்கள் கல்லூரிக்குப் போகவில்லை. அக்கா வீட்டுக்கு வந்தார்கள். சிலர் கத்தினார்கள். அந்தப் பெண்ணின் அப்பா, லோரி ஓட்டுபவர், கத்தவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றபடி, "நாங்க கோலேஜ நம்பி வரல டீச்சர். உங்கள நம்பித்தான் வந்தோம்" என்றார்.

அக்கா அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். "தப்பு எம் மேலதாண்ணே. பேப்பர காட்டுன்னு நான் கேட்டிருக்கணும்" என்றார்.

ஏமாற்றியவன் குளிர்சாதன அறையில் இருக்கிறான், ஏமாந்தவர் மன்னிப்புக் கேட்கிறார். மறுநாளே அக்கா வேலையை விட்டார். அதன்பின் ஜொகூர் பாருவில் ஒரு கல்லூரி விடாமல் படியேறி, அந்தப் பிள்ளைகள் படித்த பாடங்களில் சிலவற்றையாவது ஏற்றுக்கொள்ளும்படி முதல்வர்களிடம் பேசினார். "உக்காருங்க" என்று சொல்லாத இடத்திலும் நின்று பேசினார். ஒரு கல்லூரி ஒப்புக்கொண்டது. சனி ஞாயிறுகளில் வீட்டு ஹாலில் பாய் விரித்துத் தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார். சிலர் மீண்டார்கள், இன்று ஆசிரியைகளாக இந்தப் பந்தலில் நிற்கிறார்கள். மற்றவர்கள் சலித்துப்போய்த் தொழிற்சாலைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். அவர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லி அக்கா அழுததை அத்தானும் நானும் மட்டுமே அறிவோம்.

அப்புறம் சிறுநீரகம் பழுதாகியது. ரத்தம் சுத்திகரிக்கும் நிலையத்தில் கையில் ஊசியோடு படுத்துக்கொண்டே, பக்கத்துக் கட்டில் அம்மாளிடம், "மகள எந்தக் கோர்ஸ்ல சேத்தீங்க? அங்கீகாரப் பேப்பர கண்ணால பாத்தீங்களா?" என்று விசாரிப்பார். தாதியர் சிரிப்பார்கள். கடைசி வாரம் மருத்துவமனையில் பேச்சு குறைந்துவிட்டது. அத்தானின் கையைப் பிடித்தபடியே ஒரு விடியற்காலையில் போய்விட்டார்.

கடந்த மாதம் இயக்குநர் வீட்டுக்கு வந்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையாகக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கூட வந்தவர் ஒரு பித்தளைத் தட்டு ஏந்தி நின்றார். அதில் பழம், வெற்றிலை, மேலே இந்த மலருக்கான முழுப்பக்க விளம்பரம்.

"பெர்மாஸ் ஜெயாவில புது கேம்பஸ் தொறக்கறோம் தங்கச்சி. மேடம் பேருல ஒரு ஸ்காலர்ஷிப் குடுக்கலாம்னு இருக்கோம். புக்கு அடிக்கற செலவு முழுசும் நாங்க பாத்துக்கறோம் லா."

பிள்ளைகளிடம் பிடுங்கியதில் உபகாரச் சம்பளம்! கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பது என்றால் இதுதான்.

அத்தான் தயங்கினார். "அவ பேரு எங்கியாவது எழுதியிருந்தா நல்லாத்தானே இருக்கும்மா" என்று என்னிடம் மெல்லச் சொன்னார். மனைவியை இழந்த மனிதர், அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கை தட்டை நோக்கிப் போனது.

"அத்தான், கைய நீட்டாதீங்க. வாங்கிட்டா சரின்னு அர்த்தம்" என்றேன்.

இயக்குநர் சிரித்தார். "கோவப்படாதீங்க. நம்ம பிள்ளைங்களுக்கு யுனிவர்சிட்டியில சீட்டு இல்ல. வேற எங்க போவாங்க?"

"வேற எங்கயும் போக முடியாதுன்னு தெரிஞ்சுதானே நீங்க கடை தொறக்கறீங்க? எழுந்து போங்க."

அத்தான் கையை இழுத்துக்கொண்டார். அவரே போய் வாசல் கதவையும் திறந்துவிட்டார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள் நான்!

போன வாரம் சிகாமட்டிலிருந்து எங்கள் உறவு அண்ணி ஒருவர் போன் செய்தார்.

"பிள்ளைய பெர்மாஸ் ஜெயாவில சேத்தாச்சு. அடுத்த மாசம் கிளாஸ்."

"கோர்ஸ பத்தி விசாரிச்சீங்களா அண்ணி?"

"என்னாத்த விசாரிக்கறது? அக்கா படம் போட்டு வாட்ஸ்அப்ல வந்துச்சே. பாலர் கல்வி, அக்காவோட கனவுன்னு எழுதியிருக்கு லா."

"அண்ணி, அக்கா செத்து ஒரு வருஷம் ஆச்சு."

"அதான் சொல்றேன். சாமியா இருந்து கூப்பிடறாங்க."

கையேட்டில் இருந்த அதே சிரித்த படத்தை எடுத்து, யாரையும் கேட்காமல் ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பிள்ளை இப்போது உங்களில் யார் பக்கத்திலாவது உட்கார்ந்து இந்த மலரைப் புரட்டிக்கொண்டிருக்கலாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். நள்ளிரவென்றும் பாராமல் காரை எடுத்த எதிர்வீட்டு மலாய்க் குடும்பத்துக்கும், அக்காவின் அதட்டலைப் பொறுத்துக்கொண்ட தாதியருக்கும், பாடையைத் தோளில் சுமந்த மாணவர்களுக்கும், பதினாறு நாளும் சமைத்துப் போட்ட தம்போய் அண்டை வீட்டாருக்கும், இரண்டாம் முறை பிள்ளைகளுக்கு இடம் கொடுத்த அந்தக் கல்லூரிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. மனமாரக் கும்பிடுகிறோம்.

அண்ணி, உங்களுக்கும் அந்தச் செய்தி வந்த மற்ற எல்லாருக்கும் ஒன்று சொல்கிறேன். வகுப்பு தொடங்குமுன் போய், இந்தப் பாடத்துக்கான அங்கீகாரத் தாளைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். வரும் என்று சொன்னால், மரியாதையெல்லாம் பார்க்காமல் பிள்ளையைக் கையோடு கூட்டி வந்துவிடுங்கள். படத்தில் சிரிப்பது எங்கள் அக்காதான். ஆனால் அக்கா இறந்துவிட்டார். அவர் உங்கள் பிள்ளையை எந்தக் கல்லூரிக்கும் கூப்பிடவில்லை.

குடும்பத்தினர் சார்பில்,
தங்கை
தம்போய், ஜொகூர்