மே மாதத்துக் கேக்

எங்கள் சித்தப்பாவுக்கு எந்த வேலையும் நிலைத்ததில்லை. ரயில்வேயில் இருந்த அப்பா, தம்பி சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து அதைச் சொல்லிக் காட்டுவார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு சாப்பிடுவார். மறுசோறு கேட்பதை மட்டும் விட்டுவிட்டார். அவருக்குப் பசி குறைந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

கடைசியாக அவர் ஒட்டிக்கொண்டது பட்டணத்தில் ஒரு கிளப்பின் சமையலறையில். வெங்காயம் உரிப்பதும் பாத்திரம் கழுவுவதும்தான் வேலை. அங்கே முன்பு இருந்த ஒருவர் சரக்குக் கப்பலில் பெரிய சமையல்காரராகிவிட்டார். விடுமுறையில் வந்தவர், தனக்கு உதவியாக ஓர் ஆளை அழைத்துப் போகத் தயார் என்றார். பிரியாணி செய்ய ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், கப்பல் அதிகாரிகளுக்கு அது வேண்டாம், மாட்டு விலாவை எலும்போடு முழுசாக ஓவனில் ரோஸ்ட் செய்யத் தெரியவேண்டும், வெளியே முறுகலாக, உள்ளே ரோஜா நிறத்தில் என்பது அவர் நிபந்தனை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வீட்டுக்கே வந்து சாப்பிட்டுப் பார்ப்பதாகவும் சொன்னார். சித்தப்பா தெரியும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். கிளப்பில் எட்டி நின்று பார்த்திருந்தார், அவ்வளவுதான்.

கப்பலில் போகப்போவதாக அந்த வாரம் முழுக்கத் தெருவில் ஒருத்தர் விடாமல் சொல்லியும் வைத்தார். இனி நடக்காமல் போனால் தெருவில் தலைகாட்ட முடியாது.

எங்கள் வீட்டில் ஓவன் இருந்தது. அலுமினியத்தில் வட்டமாக, மூடியில் கண்ணாடி பதித்து, குக்கருக்கு அக்கா மாதிரி ஒன்று. கிறிஸ்துமஸுக்கு மட்டும் பரணிலிருந்து இறங்கும். அம்மா கேக் செய்வாள், தெரு முழுக்கத் தட்டு போகும். முதல் தட்டு எதிர் வீட்டுக்கு. தாம்பரம் கிராமமாக இருந்தபோது ஏர் ஓட்டிய குடும்பம் அது. நிலமெல்லாம் மனைகளாகிப் போன பிறகும் மாடுகளை மட்டும் விடவில்லை. அந்த வீட்டு அக்காதான் எங்களுக்குப் பால் ஊற்றுவாள். மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் வண்ணம் பூச நானும் ஓடுவேன். அதனால் எங்கள் வீட்டில் மாட்டுக்கறி என்றால் ஜன்னலைச் சாத்தி, பேச்சைக் குறைத்து, குக்கருக்குள்ளேயே காரியத்தை முடித்துவிடுவது வழக்கம்.

ஞாயிறன்று சித்தப்பா பல்லாவரத்துக்குப் போய் விலாத் துண்டைப் பையில் சுமந்து வந்தார். கடைக்கார பாய் பழக்கதோஷத்தில் துண்டு போடக் கத்தியை ஓங்க, கையைப் பிடித்து நிறுத்தினாராம். அம்மாவும் பழக்கதோஷத்தில் மஞ்சள் டப்பாவைத் திறந்தாள்.

"ஐயோ அண்ணி, தொடாதீங்க!" என்று சித்தப்பா நடுவில் பாய்ந்தார். உப்பு, மிளகு, பூண்டு, கொஞ்சம் வெண்ணெய் எல்லாவற்றையும் அவரே பூசினார். எலும்பு இடித்ததால் மூடியைக் கம்பியால் இழுத்துக் கட்டினார். சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் கொழுப்பு உருகிச் சடசடவென்று சத்தம் கேட்டது. சித்தப்பா முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைப் படம் ஆரம்பித்தது. தெருவில் இருந்த டிவியெல்லாம் உயிர்பெற்றது, ஃபேனெல்லாம் சுற்றியது. மே மாதம் வேறு. எங்கள் ட்யூப்லைட் இரண்டு முறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. ஓவனில் சடசடப்பு அடங்கிப்போயிற்று. லோ வோல்டேஜ். கண்ணாடி வழியே பார்த்தால் கறி வெளுத்துப்போய்க் கிடந்தது.

"துண்டு போட்டுக் குக்கர்ல வெச்சுடலாம் தம்பி. நாலு விசில்ல பஞ்சு மாதிரி வெந்துடும்" என்றாள் அம்மா, நல்லெண்ணத்தோடு.

சித்தப்பா ஓவனை மறைத்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது. அம்மா என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"எதிர் வீட்ல போய்க் கொஞ்ச நேரம் ஃபேன், டிவியை நிறுத்தச் சொல்லு. என்னன்னு கேட்டா, கேக் வேகுதுன்னு சொல்லு."

எதிர் வீட்டுக் கூடத்தில் பாதித் தெரு படம் பார்த்துக்கொண்டிருந்தது. நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அக்கா என்னை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"கேக்கா? மே மாசத்துலயா?"

"ஆமாங்க்கா. சித்தப்பா செய்றாரு."

அக்கா எழுந்து டிவியை அணைத்தாள். அவள் புருஷன் குதித்தார். "இன்னாமே இது, இப்பதான் சண்டையே வந்துகினு கீது!"

"ஒரு நாள் சண்ட பாக்கலன்னா இன்னா கொறஞ்சு பூடும்? வெளிய வந்து காத்தாட குந்து." சொல்லிவிட்டுத் தெருவுக்கே வந்து குரல் கொடுத்தாள். "யம்மா, அல்லாரும் ஃபேன நிறுத்துங்க! பாப்பா வூட்ல கேக்கு வேவுது!"

ஒவ்வொரு வீடாக அணைந்தது. எங்கள் ஓவன் மறுபடி சடசடத்தது. வேர்த்து விறுவிறுக்க எல்லோரும் வாசற்படிகளில் வந்து உட்கார்ந்து விசிறிக்கொண்டார்கள். நானும் அக்கா பக்கத்தில் பெருமையாக உட்கார்ந்தேன். அம்மா ஜன்னல்களைச் சாத்தியும் பயனில்லாமல், மிளகும் பூண்டும் உருகும் கொழுப்புமாக வாசனை தெரு முழுக்க வந்து நின்றது.

"இன்னாக்கா, கேக்குல பூண்டு வாசன வருது?" என்றான் ஒரு பையன்.

அக்கா அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். "அவங்க கேக்கு அப்டித்தான்டா. வாய மூடிகினு குந்து."

யாரும் அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை. எங்கள் கேக்கைப் பற்றி இவளுக்கு எவ்வளவு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

கப்பல்காரர் வந்தார். கத்தியை வைத்து இழுத்ததும் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. வேகவில்லை, மானம் போயிற்று என்று அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவரோ முதல் துண்டைச் சாப்பிட்டார், இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், எலும்பையும் விடவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு" என்றார். அப்பா எழுந்துபோய்த் தம்பி தட்டில் தன் கையாலேயே சோறு போட்டார்.

சித்தப்பா கப்பலேறினார். என் படிப்பும் எங்கள் வீட்டு மாடியும் அவர் அனுப்பியதில் வந்தவை. அந்தச் சாயங்காலம் தெரு இருண்டு உட்கார்ந்திராவிட்டால் இதெல்லாம் ஏது? நன்றி என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு வாசற்படிகளில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மனிதர்கள்தான் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் காலை அம்மா பால் வாங்க வாசலில் நின்றபோது அவள் கை சும்மா இல்லை, பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. தட்டு அனுப்ப வீட்டில் கேக் இல்லை. கேட்டால், கருகிப்போய்விட்டது என்று சொல்வதாக எங்களுக்குள் ஏற்பாடு.

அக்கா பாலை ஊற்றினாள். "யக்கா, தம்பிக்கு வேல கெடச்சிச்சா?" என்றாள்.

அம்மா தலையை ஆட்டினாள். கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அம்மா ஏற்பாட்டை மறந்துவிட்டாள் என்று எனக்குப் பதறியது. நானே முந்திக்கொண்டு சொன்னேன்.

"அக்கா, கேக் கருகிப் போச்சு."

அக்கா என் கன்னத்தைத் தட்டினாள். "பரவால்ல பாப்பா. தம்பிக்கு நல்லபடியா ஆச்சே, அது போதும்."

குடும்பத்தின் மானத்தைத் தனி ஆளாகக் காப்பாற்றிவிட்ட பெருமையில் அன்று முழுக்க நான் தெருவில் தலைநிமிர்ந்து திரிந்தேன். அந்தப் பொய் பலித்துவிட்டதாக நம்பியது தெருவிலேயே நான் ஒருத்திதான்.